யானைக் குரலில் ஓர் ஊடல்!

அரியலூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

சிமென்ட் லாரிகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், கொஞ்சம் விஷயம் தெரிந்தவராக இருந்தால் பாறைக்குள் கல்லாகிக் கிடக்கும் கடல் சிப்பிகள். வயதான பெரியவர் என்றால் 1956-ல் நடந்த ரயில் விபத்து. பெரம்பலூர்? சென்னை - திருச்சி பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு தாண்டிப் போகிற ஊர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மானாவாரி பூமி.

"இந்தப் பக்கம் சங்கீதம் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "சங்கீதமா? கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூர் பக்கம் போங்க சார்!" என்று வழி சொல்லிவிடுவார்கள்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே திருவையாற்றில் தியாகராஜரும் தஞ்சையில் சியாமா சாஸ்திரியும் பாடிக்கொண்டிருந்த அதே நாட்களில், வடக்கே இந்த வறண்ட சீமையிலிருந்து ஒரு மனிதர் கிளம்பினார். தஞ்சாவூர் அரண்மனையே திரும்பிப் பார்க்கும்படி பாடினார். பட்டம் வாங்கினார். கடைசியில் மறுபடி இதே மண்ணுக்கு, உடையார்பாளையத்துக்கு வந்து உட்கார்ந்து பாட்டு எழுதினார். அந்தப் பாட்டுகளைச் சென்னை சபாக்களில் இன்றைக்கும் பாடுகிறார்கள்.

கனம் கிருஷ்ணையர்!

'கனம்' என்பது ஆளின் எடை பற்றிய சமாசாரம் இல்லை. 'மாண்புமிகு' என்பதற்கு முன்னால் மந்திரிகளுக்குப் போட்டார்களே, அந்தக் 'கனம்' கூட இல்லை. அது அவருடைய குரலுக்குக் கிடைத்த பட்டம்.

அரியலூர்ச் சீமையில் பெரிய திருக்குன்றம் என்ற கிராமத்தில், 1790 வாக்கில் பிறந்தவர் கிருஷ்ணையர். பாட்டு சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பச்சிமிரியம் ஆதியப்பய்யர். பைரவி ராக 'விரிபோணி' வர்ணத்தைப் போட்டாரே, அவரேதான். இன்றைக்கும் அதை ஒழுங்காகப் பாடிவிட்டால் பாதி வித்வான் ஆன மாதிரி என்பார்கள். சியாமா சாஸ்திரிக்கும் அவர்தான் குரு என்று சொல்வது வழக்கம். ஆக, கிருஷ்ணையர் உட்கார்ந்து கற்ற திண்ணை சாதாரணத் திண்ணை அல்ல.

அப்புறம் தஞ்சாவூர். அங்கே அப்போது ராஜா இரண்டாம் சரபோஜி (1798 - 1832). ராஜாவின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ராஜ்யத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டாயிற்று. கோட்டையும் கௌரவமும்தான் மிச்சம். போர் கிடையாது, படை நடத்த வேண்டியதில்லை. என்ன செய்வார்? ஏடுகளைச் சேர்த்தார். வைத்தியம் படித்தார். சங்கீதம் கேட்டார்! தமிழ்நாட்டுச் சங்கீதத்தின் பொற்காலம் என்கிறோமே, அது ராஜாக்கள் வாளை இழந்த காலமும்கூட.

அந்தச் சபைக்கு ஒருநாள் பொப்பிலி கேசவய்யா என்ற ஆந்திர வித்வான் வந்தார். ஊர் ஊராகப் போய் அங்கங்கே இருக்கிற வித்வான்களைப் போட்டிக்கு இழுத்து, ஜெயித்து, விருதுகளை அள்ளிக்கொண்டு போகிற ரகம். சியாமா சாஸ்திரி அவரோடு மோதி ஜெயித்த கதையைச் சங்கீத ரசிகர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

கிருஷ்ணையர் கதை வேறு மாதிரி. அவர் கேசவய்யாவிடம் மோதவில்லை. மயங்கினார்!

கேசவய்யா பாடியது 'கன மார்க்கம்'. அந்தக் காலத்தில் பாடும் முறைகளை மூன்றாகப் பிரிப்பார்கள்: கனம், நயம், தேசிகம். நயம் என்றால் குழைவு, நெளிவு சுளிவு. தேசிகம் என்றால் அந்தந்த நாட்டு வழக்கின் இனிமை. கனம்? அடிவயிற்றிலிருந்து, நாபியிலிருந்து எழும்ப வேண்டும் நாதம். தொண்டையை நம்பிப் பாடுகிறவர் பக்கத்திலேயே போக முடியாது. யானை பிளிறுகிற மாதிரி கம்பீரம் வேண்டும். ஆனால், சுருதி மயிரிழை பிசகக்கூடாது. உடம்பு தேக்கு மரம் போல் இருந்தால்தான் தாங்கும். இல்லையென்றால் பாடுகிற குரல் மட்டுமல்ல, பேசுகிற குரலும் போய்விடும்.

'நம் சபையில் இதைக் கற்றுக்கொள்ளக்கூடியவர் யாராவது உண்டா?' என்று ராஜா கேட்டாராம். சபையே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது, 'நான்' என்று எழுந்து நின்றவர் கிருஷ்ணையர்.

எழுந்து நின்றால் போதுமா? சாதகம் பண்ண வேண்டுமே! யானைக் குரலை ஊருக்கு நடுவில் உட்கார்ந்து பழகினால் அக்கம்பக்கம் சும்மா விடுமா? கபிஸ்தலத்துக்குப் போனார். அங்கே ராமபத்திர மூப்பனார் என்ற பெரிய மிராசுதார், சங்கீதப் பைத்தியம். இடம் கொடுத்து, சோறு போட்டுக் காப்பாற்றினார். கிருஷ்ணையர் அங்கேயே இருந்து உடம்பையும் குரலையும் ஒருசேரப் பழக்கினார். தேறிய பிறகு தஞ்சாவூர் திரும்பி, சபையில் கன மார்க்கத்தில் பாடிக் காட்ட, அன்றிலிருந்து அவர் வெறும் கிருஷ்ணையர் இல்லை. 'கனம்' கிருஷ்ணையர்.

இந்த விவரமெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? சொன்னவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். கிருஷ்ணையர் அவருக்கு நெருங்கிய சொந்தம். தாத்தா எங்கே இந்தக் கதைக்குள் வருகிறார் என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

தஞ்சாவூருக்கு அப்புறம் கிருஷ்ணையர் இருந்த இடம் திருவிடைமருதூர். சரபோஜிக்கு முன்னால் தஞ்சை சிம்மாசனத்தில் இருந்து, 1798-ல் கம்பெனியால் இறக்கப்பட்ட அமர்சிங்கின் குடும்பம் வாழ்ந்த ஊர் அது. நாடு இல்லாத ராஜ குடும்பம்... ஆனால், வித்வான்கள் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை! அங்கே கிருஷ்ணையரைச் சுற்றி வந்து கேட்டுக் கேட்டுத் தேறிய ஓர் இளைஞர்தான் பிற்பாடு 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி.

அப்புறம்தான் உடையார்பாளையம். சொந்தச் சீமை!

உடையார்பாளையம் ஜமீன் சாதாரணமானதல்ல. 'நாங்கள் காஞ்சியிலிருந்து வந்தவர்கள்' என்பது அந்த வம்சத்தின் பெருமை. அதனால் பெயருக்கு முன்னாலேயே 'கச்சி' என்று சேர்த்துக்கொள்வார்கள். கச்சி ரங்கர், கச்சிக் கல்யாண ரங்கர் என்று. ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் இவர்கள் சீமைக்குள்தான் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் படையிடம் அடி வாங்கி, அப்புறம் கம்பெனி காலத்தில் பாளையக்காரர் என்ற நிலையிலிருந்து ஜமீன்தார் என்ற நிலைக்கு இறங்கி... இவர்களுக்கும் அதே கதை. வாள் உறைக்குள் போயிற்று. வீணை வெளியே வந்தது.

இந்த அரண்மனையில் சமஸ்தான வித்வானாக உட்கார்ந்துதான் கிருஷ்ணையர் பாட்டுகளைக் கொட்டினார். சரி, என்ன மாதிரிப் பாட்டு?

நீங்களும் நானும் என்ன எதிர்பார்ப்போம்? யானைக் குரல் ஆயிற்றே! இடிமுழக்கமாக, வீரமாக, சபையை அதிர வைக்கிற மாதிரி...

ம்ஹூம்! அவர் எழுதியதில் நிலைத்து நின்றவை பதங்கள். சௌக்க காலத்தில், நத்தை மாதிரி நகர்கிற, மென்மையான காதல் பாட்டுகள். பாடுவது ஒரு பெண். காதலன் வரவில்லை. தோழியைத் தூது அனுப்புகிறாள். வந்தவனிடம் ஊடுகிறாள், ஏங்குகிறாள், குத்திக் காட்டுகிறாள். பைரவியில் 'வேலவரே' என்று ஆரம்பிக்கும் பதம், முருகனிடம் ஒரு பெண்ணுக்காகத் தோழி பரிந்து பேசுவது. அடாணாவில் 'திருவொற்றியூர் தியாகராஜன்' அந்த ஊர்ச் சிவனைப் பற்றியது. எல்லாமே காதுக்குப் பக்கத்தில் வந்து சொல்கிற ரகசியம் மாதிரியான பாட்டுகள்.

இது எப்படிப் பொருந்துகிறது? யானைக்கு ஏன் குயில் வேஷம்?

சங்கீதக்காரர்களைக் கேட்டால் ஒரு நியாயம் சொல்வார்கள். வேகமாகப் பாடுவது சுலபம். ஓட்டத்தில் குறை தெரியாது. மெதுவாகப் பாடும்போதுதான் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, அசையாமல் நிறுத்தி, அதிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மூச்சு அதற்குத் தாங்க வேண்டும். கபிஸ்தலத்தில் அவர் சேர்த்து வைத்த பலம் வீண் போகவில்லை. கத்துவதற்குப் பதில் தாங்குவதற்குப் பயன்பட்டது. பயில்வான் ஒருவர் பச்சைக் குழந்தையை எப்படி ஏந்திக்கொள்வார்? அதுபோல!

இன்னொரு காரணம் இருக்கிறது. அது சங்கீதத்தில் இல்லை, வயிற்றில் இருக்கிறது.

சமஸ்தான வித்வானின் பிழைப்பைக் கொஞ்சம் யோசியுங்கள். அவருடைய வீடு, நெல், பிள்ளைகளின் கல்யாணம் எல்லாமே ஒரே ஒரு மனிதரின் மனநிலையைப் பொறுத்தது. இன்றைக்குக் கூப்பிட்டு சால்வை போர்த்துவார். நாளைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார். நடுவில் கோள் சொல்லிகள் வேறு. கோபம் வந்தால் வித்வான் என்ன செய்ய முடியும்? ஜமீன்தாரை எதிர்த்துப் பேசிவிட்டு ஊரில் இருக்க முடியுமா?

நேரே பேச முடியாது. ஆனால், பாட முடியும்! 'நான் கேட்கவில்லை, பாட்டில் வருகிற பெண் கேட்கிறாள்' என்று தப்பித்துக்கொள்ளலாமே! கச்சி ரங்கன் பெயரை வைத்தே கிருஷ்ணையர் பதங்கள் பாடியிருக்கிறார். அவற்றில் ஜமீன்தார்தான் நாயகன். 'அன்றைக்கு அத்தனை ஆசையாக வாரிக் கொடுத்தாயே, இன்றைக்கு ஏன் இந்தப் பாராமுகம்?' என்கிற தொனியில் நாயகி கேட்பாள். கேட்கிற சபைக்கு அது காதல். கேட்கிற ஜமீன்தாருக்கு மட்டும் சுருக்கென்று தைக்கும். பாட்டு முடிந்ததும் மனசு இளகிப் பழையபடி அருகில் அழைத்துக்கொள்வார் என்பது வழிவழியாக வரும் கதை.

இதைக் 'காக்காய் பிடிப்பது' என்று சொல்லிவிடலாம். நானும் மறுக்கவில்லை. சங்க காலத்துப் பாணனிலிருந்து பரிசிலுக்குப் பாடியவர்கள் நம்மிடம் ஏராளம். ஆனால், ஒரு வித்தியாசம் பாருங்கள். துதி பாடுகிறவன் குனிகிறான். ஊடுகிறவளோ நிமிர்ந்து நிற்கிறாள். 'எனக்கும் உன் மேல் உரிமை இருக்கிறது' என்று நம்புகிறவர்தான் ஊட முடியும். ஜமீன்தாருக்கும் தனக்கும் நடுவில் இருப்பது எஜமான் - சிப்பந்தி உறவு என்பதைக் கிருஷ்ணையர் பாட்டுக்குள் ஒத்துக்கொள்ளவே இல்லை. அதைக் காதலாக மாற்றிவிட்டார். காதலில் யார் எஜமான்?

இந்த அவஸ்தை உடையார்பாளையத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஐரோப்பாவில் ஹைடன் என்ற மேதை 1761-ல் எஸ்டெர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, மற்ற ஊழியர்கள் மாதிரி சீருடை போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. கிருஷ்ணையருக்கு ஏறக்குறைய இருபது வயது மூத்தவரான பீத்தோவன்? திமிர் பிடித்தவர் என்று பெயர். அவரும் 1809-ல் மூன்று பிரபுக்கள் சேர்ந்து வருஷத்துக்கு 4,000 ஃப்ளோரின் தருவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் வியன்னாவை விட்டுப் போகாமல் இருந்தார்.

நம் ஊரிலேயே எதிர்த் துருவமும் இருந்தது. திருவையாற்றில்! சரபோஜி கூப்பிட்டும் தியாகராஜர் அரண்மனைக்குப் போகவில்லை. உஞ்சவிருத்தி எடுத்து, மனிதர் யாரையும் புகழ்ந்து பாட மாட்டேன் என்று இருந்துவிட்டார். கிருஷ்ணையர் அந்தத் தியாகராஜரைத் தேடிப் போயிருக்கிறார். அங்கே அடாணா ராகத்தைக் கேட்டு உருகி, அதே அடாணாவில் 'சும்மா சும்மா' என்று தொடங்கும் தமிழ்ப் பாட்டைப் பாடினார் என்பார்கள். சுகம் என்பது சும்மா கிடைத்துவிடுமா, பாடுபட வேண்டாமா என்பது அதன் சாரம். ஜமீன் சோறு சாப்பிடுகிறவர், பிச்சை எடுத்துப் பாடுகிறவர் முன்னால் நின்று பாடிய பாட்டு அது. இரண்டு பேரில் யார் பாதை சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஒன்று மட்டும் சொல்லலாம். தெலுங்கே சங்கீதத்தின் பாஷை என்று இருந்த சபைகளில், தமிழில் பதம் எழுதினால் இத்தனை அழகாக இருக்கும் என்று காட்டியவர்களில் கிருஷ்ணையர் முக்கியமானவர். அதற்கு இடம் கொடுத்தது ஒரு ஜமீன்.

கிருஷ்ணையர் 1854-ல் காலமானார்.

அடுத்த வருஷத்தைக் கவனியுங்கள். 1855. தஞ்சாவூரின் கடைசி ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, டல்ஹௌசியின் கம்பெனி சமஸ்தானத்தையே மூடிவிட்டது. அதே 1855 பிப்ரவரியில்தான் உ.வே.சா. பிறந்தார்.

அவருடைய அப்பா வேங்கடசுப்பையர் உடையார்பாளையத்தில் கிருஷ்ணையரோடு தங்கி, குருகுலவாசமாகப் பாட்டு கற்றவர். குருநாதரிடம் கற்றது குன்றாத சொத்துதான். ஆனால், அதை வைத்துப் பிழைக்க அரண்மனை வேண்டுமே! வேங்கடசுப்பையர் குடும்பத்தோடு அரியலூருக்கு வந்தார். ஜமீன் ஆதரவு கொஞ்ச நாள். அப்புறம்? கிராமம் கிராமமாக ராமாயணப் பிரசங்கம். அருணாசலக் கவிராயரின் ராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிக் கதை சொல்வார். குன்னம், கார்குடி என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் சோளக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்த சின்னச் சின்ன ஊர்கள்! அங்கிருந்த விவசாயிகளும் கணக்குப்பிள்ளைகளும் சேர்ந்து தானியமாகவும் பணமாகவும் கொடுத்து இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். பையன் 'சாமா'வுக்கு அரியலூரில் சடகோபையங்கார் தமிழ் சொல்லிக் கொடுத்தார். பெரம்பலூருக்குப் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் சொல்லிக் கொடுத்தார். காசு வாங்காமல்!

யோசித்தால் சிலிர்க்கிறது. ஒரு ஜமீன்தார் செய்த வேலையை, அடுத்த தலைமுறையில் ஊர் ஜனங்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்திருக்கிறார்கள். சங்க இலக்கியத்தைச் செல்லிடமிருந்து மீட்ட மனிதரை வளர்த்தது இந்த மானாவாரி மண்தான்.

சாமாவுக்குச் சங்கீதம் என்ன ஆயிற்று? 1871-ல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கச் சேர்ந்தபோது, அதே ஊரில் முதியவராக இருந்தார் கோபாலகிருஷ்ண பாரதி. கனம் கிருஷ்ணையரின் சிஷ்யர் மகன் என்றதும் மகிழ்ந்துபோய்ப் பாட்டு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். ஆனால், பிள்ளையவர்களுக்கு விஷயம் தெரிந்தது. சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கியத்தில் போகாது என்பது அவர் எண்ணம். சாமா பாட்டை நிறுத்திவிட்டார். தமிழுக்கு லாபம். கிருஷ்ணையரின் பாட்டு வழி அந்தக் குடும்பத்தில் அதோடு நின்றது.

ஆனால், கடனை மறக்கவில்லை தாத்தா. 1936-ல், எண்பது வயதைத் தாண்டியபின், 'கனம் கிருஷ்ணையர்' என்று ஒரு புத்தகமே எழுதினார். நேரில் பார்த்ததே இல்லை. அப்பா சொல்லச் சொல்லக் கேட்டது அத்தனையும் மனசில் இருந்தது. 1940-ல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்கியபோதும் தன் பெருமையைச் சொல்வதற்கு முன்னால் கிருஷ்ணையருக்கு ஒரு அத்தியாயம் கொடுத்துவிட்டார்.

கதை தெரிந்துவிட்டது. மெட்டு? எழுத்தில் மெட்டு தங்காதே!

அதைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். பதம் என்பது சபையில் தேவதாசிகள் அபிநயம் பிடித்து ஆடியது. அவர்கள் வீடுகளில்தான் அது தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867 - 1938) வீடு அதில் தலையாயது. மைக் கிடையாது. தரையில் சின்னக் கூட்டம். விரல் வீணையில் பட்டும் படாமலும் ஊர்கிற வாசிப்பு. அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடினார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி ஆடினார். யானைக் குரல்காரரின் பாட்டுகளைத் தமிழ்நாட்டிலேயே மிக மெதுவான குரல்கள் பத்திரமாகச் சுமந்து வந்திருக்கின்றன.

1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். இரண்டுமே வந்தாக வேண்டிய சட்டங்கள். முதலாவது பெண்களை ஒரு கொடுமையிலிருந்து விடுவித்தது. இரண்டாவது நிலத்தை உழுதவனைக் குனிய வைத்த முறைக்கு முடிவு கட்டியது. அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால், பதம் எழுதப்பட்ட வீடும் பதம் பாடப்பட்ட வீடும் ஒரே வருஷ இடைவெளியில் பூட்டப்பட்டன என்பதும் சரித்திரம்தான். அப்புறம் அந்தப் பாட்டுகள் சபா மேடையில், கச்சேரி முடிகிற நேரத்தில், பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போகும்போது பாடுகிற 'துக்கடா' வரிசைக்குப் போய்ச் சேர்ந்தன.

கன மார்க்கம்? அது அடியோடு போயிற்று. ரிக்கார்டு கிடையாது, பரம்பரை கிடையாது. அந்த யானைக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நாம் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற பஸ் உடையார்பாளையத்தைத் தாண்டித்தான் போகும். அங்கே பயறணீசுவரர் கோயில் இருக்கிறது. பழைய அரண்மனையின் மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் எல்லோரும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அவசரமாகப் போய்விடுவார்கள். நீங்கள் போகும்போது, கையில் இருக்கிற போனில் பிருந்தா - முக்தா பாடிய ஒரு பதத்தைத் தேடிப் போட்டுக் கேளுங்கள். அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அது மெதுவாகத்தான் ஆரம்பிக்கும்.